புதிய எச்.ஓ.டி.க்கு: ஆசிரியர்களைத் துறையில் நிற்க வைக்க என்ன செய்யலாம்?

தனியார் பொறியியல் கல்லூரியில் ஒருவர் துறைத்தலைவர் ஆவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. இருந்த எச்.ஓ.டி. வேறு கல்லூரிக்குப் போய்விடுவார். அடுத்த சீனியர் நீங்கள். பிரின்சிபால் கூப்பிட்டு, "இனிமே நீங்களே பாத்துக்கங்க சார்" என்பார். பயிற்சி எதுவும் கிடையாது. பீரோ சாவி, நாலைந்து என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) ஃபைல், அரைகுறையாக நிற்கும் ஒரு டைம்டேபிள், இவ்வளவுதான் கைக்கு வரும். அந்த மாதம் முடிவதற்குள் யாராவது ஒருவர் ராஜினாமாக் கடிதத்தோடு வாசலில் நிற்பார்.

அப்படிப் பொறுப்பேற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டின் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன் என்றாலும், கலை அறிவியல் கல்லூரிக்காரர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். சம்பளம் உங்கள் கையில் இல்லை. அட்மிஷன் டார்கெட் உங்கள் கையில் இல்லை. யாருக்கு எந்தப் பாடம், எந்த நேரம், யாருக்கு எப்போது லீவு, யார் தலையில் எந்தக் கூடுதல் வேலை என்பதெல்லாம் உங்கள் கையெழுத்தில்தான் நடக்கிறது. ஓர் ஆசிரியரின் அன்றாட வாழ்க்கையில் இந்த நான்குக்கு உள்ள எடையைப் பல துறைத்தலைவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். "மேனேஜ்மென்ட் சம்பளம் ஏத்தாம நான் என்ன பண்ண முடியும்?" என்று கேட்பது சுலபம். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாமல் என்னென்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

போனவர்கள் பட்டியல்

முதல் வாரத்தில் ஒரு நோட்டில் எழுதுங்கள்: கடந்த மூன்று வருடங்களில் துறையை விட்டுப் போனவர்கள் யார், எந்த மாதம் போனார்கள், எத்தனை வருடம் இருந்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள். ஆபீஸில் கேட்டால் சேர்ந்த தேதியும் விடுவித்த தேதியும் கிடைத்துவிடும். காரணம் மட்டும் கிடைக்காது. எல்லாக் கடிதத்திலும் "சொந்தக் காரணங்களுக்காக" என்றுதான் எழுதியிருக்கும். ரிலீவிங் ஆர்டரும் அனுபவச் சான்றிதழும் கைக்கு வராத நிலையில் யார்தான் உண்மையை எழுதுவார்கள்?

அதனால் போனவர்களிடமே கேளுங்கள். புதிய இடத்தில் ஒரு செமஸ்டர் ஓட்டிய பிறகு போன் செய்து, "நான் இப்பத்தான் பொறுப்பு எடுத்திருக்கேன், எதை மாத்தினா நல்லாருக்கும்?" என்று கேட்டால் பெரும்பாலோர் மனம்விட்டுப் பேசுவார்கள். குறை கேட்கிற தொனி வேண்டாம், ஆலோசனை கேட்கிற தொனி போதும்.

பட்டியலை வைத்துக்கொண்டு பிரித்துப் பாருங்கள். அரசு வேலைக்குப் போனவர்கள் ஒரு வகை. 2024-இல் ஆசிரியர் தேர்வு வாரியம் அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களை அறிவித்தபோது கணிதம், இயற்பியல், ஆங்கிலம் எடுக்கிற எத்தனை பேர் கண்ணில் வெளிச்சம் வந்தது என்று உங்களுக்கே தெரியும். அவர்களை யாராலும் பிடித்து நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. திருமணமாகி ஊர் மாறியவர்கள், ஐ.டி. கம்பெனிக்குப் போனவர்கள் என்று இன்னும் சில வகைகள் உண்டு. மிச்சமிருப்பவர்கள்தான் உங்களுக்கு முக்கியம்: பக்கத்து ஊர் கல்லூரிக்கு, கிட்டத்தட்ட அதே சம்பளத்துக்குப் போனவர்கள். அவர்கள் பணத்துக்காகப் போகவில்லை. ஏன் போனார்கள் என்ற கேள்விக்கான பதில் உங்கள் துறைக்குள்ளேயே இருக்கிறது.

இந்தக் கணக்கு நிர்வாகத்துக்கும் தேவைப்படும். என்.பி.ஏ. அங்கீகாரத்துக்கான சுயமதிப்பீட்டு அறிக்கையின் 2015 வடிவத்தில், இரண்டாம் அடுக்குக் கல்லூரிகளுக்கு (பல்கலைக்கழகத்தோடு இணைந்த, தன்னாட்சி இல்லாத கல்லூரிகளுக்கு), ஆசிரியர் தக்கவைப்புக்கென்று தனியாக 25 மதிப்பெண் இருந்தது; இப்போதைய வடிவத்தில் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வடிவத்தில், கணக்குத் தொடங்கும் அடிப்படை ஆண்டில் இருந்தவர்களில் 90 சதவீதம் பேர் இன்னும் இருந்தால்தான் முழு மதிப்பெண்; பாதிக்குக் கீழே போனால் பூஜ்யம். 20 பேர் இருந்த துறையில் மூன்று பேர் போனாலே முழு மதிப்பெண் போய்விடும். போனவர் இடத்தில் புது ஆளை எடுத்தாலும் இந்த இடத்தில் அவர் கணக்கில் வரமாட்டார். நிர்வாகத்திடம் பேசும்போது "மனநிறைவு", "ஈடுபாடு" என்றெல்லாம் ஆரம்பிக்காமல் இந்த மதிப்பெண்ணில் ஆரம்பியுங்கள். காது கொடுப்பார்கள்.

ஆளை நிற்க வைக்க முடியாத இடங்களில் காகிதத்தில் நிற்க வைக்கிற வழக்கமும் இருக்கிறது என்பதை எல்லோரும் 2024-இல் பார்த்தோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 300-க்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் காட்டப்பட்டிருந்ததை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்தது. அந்தப் பட்டியலில் எந்தப் பெயரும் உங்கள் துறையிலிருந்து வராமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலைதான்.

ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள்

அடுத்தது, இருக்கிறவர்களிடம் பேசுவது. உங்கள் அறைக்குக் கூப்பிட்டு, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தால் அது விசாரணை ஆகிவிடும். அவர்கள் லேபுக்குப் போங்கள், அல்லது கேன்டீனில் டீ சாப்பிடும்போது பேசுங்கள். ஆளுக்கு அரை மணி நேரம் போதும். என்ன கேட்பது?

"இந்த செமஸ்டர்ல எந்த வேலையைச் செய்யும்போது நேரம் போனதே தெரியல?" இது ஒன்று. "எந்த வேலை வந்தா ஐயோன்னு இருக்கு?" இது இரண்டு. மூன்றாவதைக் கேட்கக் கொஞ்சம் தைரியம் வேண்டும்: "இங்கேருந்து போயிடலாம்னு கடைசியா எப்பத் தோணுச்சு? அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

மூன்றாவது கேள்விக்கு ஒரு காரணம் உண்டு. வேலையை விடுவது என்றால் அதிருப்தி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து ஒரு நாள் வெடிப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். அமெரிக்காவில் தாமஸ் லீ, டெரன்ஸ் மிட்செல் என்ற இருவர் 1994-இல் வேறு கோணத்தில் பார்த்தார்கள். பலர் ஏதோ ஒரு குறிப்பிட்ட சம்பவத்துக்குப் பிறகுதான் போவதைப் பற்றி யோசிக்கவே ஆரம்பிக்கிறார்கள் என்றார்கள். நம் கல்லூரிகளில் அந்தச் சம்பவம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று "ஆல்டரேஷன் போட்டாச்சா?" (உங்கள் வகுப்புக்கு மாற்று ஆள் ஏற்பாடு செய்தாச்சா) என்று முதல் கேள்வி வந்திருக்கும். மாணவர்கள் முன்னால் சத்தம் போட்டிருப்பார்கள். மூன்று வருடம் ஜூனியரை ஒருங்கிணைப்பாளராகப் போட்டுவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டிருப்பார்கள். இவற்றில் பாதி எச்.ஓ.டி. அறையில் நடப்பவை.

ஒருவர் துறையில் நிற்கிறார் என்பதால் மட்டும் அவர் வேலையில் மனம் வைத்திருக்கிறார் என்று சொல்ல முடியாது. வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வேறு இடத்தில் கிடைக்காத வேலை என்று நிற்பவர்களும் உண்டு. பதினைந்து வருடத்துக்கு முந்தைய நோட்ஸையே இன்றும் வாசிப்பவர் ரிஜிஸ்டரில் தக்கவைக்கப்பட்டவர்தான். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் வில்மார் ஷௌஃபெலியும் அவரோடு வேலை செய்தவர்களும் பணி ஈடுபாட்டை மூன்றாகப் பிரித்தார்கள்: வேலை செய்ய உடம்பிலும் மனதிலும் இருக்கும் தெம்பு, வேலைக்கு அர்த்தம் உண்டு என்ற பற்று, நேரம் போவது தெரியாத ஆழ்ந்த கவனம். இதை அளக்க அவர்கள் செய்த கேள்வித்தாள் 17 கேள்விகள் கொண்டது; பிறகு 9 கேள்விகளாகச் சுருக்கினார்கள். மேலே சொன்ன முதல் கேள்வி அந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தது.

அந்தக் கேள்வித்தாளை அப்படியே கூகுள் ஃபார்மில் போட்டு வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பும் ஆசை வரும். வேண்டாம். 12 பேர் இருக்கும் துறையில் "பெயர் கேட்கமாட்டோம்" என்பதை யாரும் நம்பமாட்டார்கள். வயதும் அனுபவமும் கேட்டாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். எல்லோரும் நூற்றுக்கு நூறு போட்டு அனுப்புவார்கள், நீங்கள் அதை நாக் (கல்லூரிகளைத் தரமதிப்பிடும் அமைப்பு) ஃபைலில் வைப்பீர்கள், அவ்வளவுதான். பேச்சே போதும்.

பேசி முடித்த பிறகு, கேட்டதில் ஏதாவது ஒரு சின்ன விஷயத்தை அந்த மாதமே செய்து கொடுங்கள். ஸ்டாஃப் ரூம் மின்விசிறியாகக்கூட இருக்கலாம். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிடக் கூடாது.

டைம்டேபிள்

இங்கே கொஞ்சம் அதிக நேரம் செலவிடுவோம், ஏனென்றால் உங்கள் அதிகாரத்தில் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல். இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. மொத்த வேலை நேரம் வாரத்துக்கு 40 மணிக்குக் குறையக் கூடாது. காகிதத்தில் இதைச் சரிக்கட்டுவது கஷ்டமே இல்லை. எல்லோருக்கும் 16 போட்டுவிட்டால் நியாயம் செய்துவிட்டதாக ஒரு நிம்மதியும் வரும்.

ஆனால் இரண்டு 16-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு நான்கு வருடமாக எடுத்துவரும் ஒரே பாடம், இரண்டு செக்ஷன், மீதி லேப். இன்னொருவருக்கு மூன்று வெவ்வேறு பாடங்கள், அதில் இரண்டு புதிது. இரண்டாமவர் தினமும் இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து தயாரிக்கிறார். புதிதாகச் சேர்ந்தவருக்குத்தான் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை கிடைக்கும், ஏனென்றால் சீனியர்கள் வேண்டாம் என்று விட்டது அவரிடம் வந்து சேர்கிறது. அவர் ஒரு வருடத்தில் போய்விடுவார். "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமையே இல்ல" என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வார்கள்.

ஆகவே மணிக்கணக்கை எண்ணுவதற்கு முன் தயாரிப்புகளை எண்ணுங்கள். ஒருவருக்கு ஒரு செமஸ்டரில் ஒரு புதிய பாடத்துக்கு மேல் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருட ஆசிரியருக்கு மொத்தமே இரண்டு பாடம்தான். முடியாத செமஸ்டர்கள் வரும். ரெகுலேஷன் (பல்கலைக்கழகப் பாடத்திட்டம்) மாறினால் எல்லோருக்கும் எல்லாமே புதிதாகிவிடும். அண்ணா பல்கலைக்கழகம் முதலாண்டு மாணவர்களுக்குத் 'தமிழர் மரபு' பாடத்தைக் கொண்டுவந்தபோது யார் எடுப்பது என்று துறைகளுக்குள் நடந்த இழுபறி நினைவிருக்கும். (விரும்பி எடுத்த சிலர் அதில் நன்றாகவே சோபித்தார்கள் என்பது வேறு கதை.) அப்படிப்பட்ட செமஸ்டரில் புதுப் பாடம் கூடுதலாக வந்தவருக்கு ஒரு லேபைக் குறையுங்கள், அதைக் காரணத்தோடு எல்லோருக்கும் சொல்லுங்கள்.

வகுப்பு அல்லாத வேலைகளையும் அதே தாளில் எழுதுங்கள். எக்ஸாம் செல், பிளேஸ்மென்ட், நான் முதல்வன், துறைச் சங்கம், என்.பி.ஏ. மூன்றாவது கிரைட்டீரியா, இணையதளம், 20 மாணவர்களுக்கு மென்டர் என்று எல்லாவற்றுக்கும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஒரு மதிப்பு போடுங்கள். மதிப்பு துல்லியமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அந்த வரிசையில் ஒரே பெயர் நான்கு இடத்தில் வருவதும், வேறு சில பெயர்கள் வரவே வராததும் அப்போதுதான் கண்ணில் படும். வேலை செய்கிறவருக்கே வேலை போகும் என்பது கல்லூரிகளின் எழுதாத விதி. துறையின் ஆகச் சிறந்த ஆளைக் களைப்பாக்கி அனுப்பி வைப்பதும் அதே விதிதான்.

2001-இல் டெமெரூட்டி, பக்கர் முதலான ஆய்வாளர்கள் முன்வைத்த ஒரு சட்டகம் இதற்கு உதவும். வேலை கேட்பவை ஒரு பக்கம், வேலை கொடுப்பவை இன்னொரு பக்கம். கேட்பவை ஏறிக்கொண்டே போனால் ஆள் களைத்துப்போகிறார். கொடுப்பவை, அதாவது உதவி, சுதந்திரம், செய்த வேலைக்குப் பதில் வார்த்தை, இல்லாமல்போனால் வேலையிலிருந்து மனம் விலகுகிறது. களைப்பும் விலகலும் வேறுவேறு. லோடைக் குறைத்தும் ஒருவர் ஒட்டாமலே இருக்கிறார் என்றால் இரண்டாவது பக்கத்தைப் பாருங்கள். உதாரணமாக, இன்டர்னல் தேர்வு வினாத்தாளை அவரே முடிவு செய்ய விடுகிறீர்களா, அல்லது ஒவ்வொரு வரியையும் நீங்கள் திருத்துகிறீர்களா?

வரைவு டைம்டேபிளை செமஸ்டர் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லோர் பார்வைக்கும் வையுங்கள். எல்லோருடைய லோடும் எல்லோருக்கும் தெரியட்டும். சத்தம் வரும். அது வரைவின்போதே வருவது நல்லது. பிஹெச்.டி. செய்பவர்களுக்கு வாரத்தில் ஒரு அரைநாளைத் தொடாமல் விடுங்கள். அதில் இன்விஜிலேஷனும் போடாதீர்கள். அப்புறம், யாரும் விரும்பாத ஒரு வகுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை கடைசி ஹவரோ, அரியர் அதிகம் உள்ள செக்ஷனோ. இதற்கு மேல் நீங்கள் நியாயத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்காது.

ஃபைல் வேலையும் மீட்டிங்கும்

கோர்ஸ் ஃபைல், சி.ஓ.-பி.ஓ. மேப்பிங் (பாடத்தின் இலக்குகளைப் படிப்பின் இலக்குகளோடு பொருத்துவது), அட்டெய்ன்மென்ட் கணக்கு (அந்த இலக்குகள் எவ்வளவு எட்டப்பட்டன என்பது), நாக் தரவு என்று ஒரே விவரத்தை நான்கு வடிவத்தில் கேட்பதுதான் ஆசிரியர்களின் பெரிய எரிச்சல். கல்லூரியின் உள்தர உறுதிக் குழுவான ஐ.க்யூ.ஏ.சி. ஒரு வடிவத்தில் கேட்கும், பிரின்சிபால் ஆபீஸ் இன்னொன்றில் கேட்கும். அதை அப்படியே கீழே தள்ளிவிடுவது எச்.ஓ.டி.யின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். கூரை ஒழுகினால் நடுவில் பாத்திரம் வைக்கத்தான் நீங்கள் இருக்கிறீர்கள். துறைக்கென்று ஒரே ஒரு எக்செல் தாள் வைத்து, செமஸ்டருக்கு ஒருமுறை எல்லோரிடமும் வாங்கி, மேலே யார் எந்த வடிவத்தில் கேட்டாலும் அதிலிருந்து நீங்களும் ஒரு லேப் அசிஸ்டென்ட்டும் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். "இன்று மாலை 4 மணிக்குள்" என்று ஒரு கடிதம் வந்தால், அது நிஜமாகவே இன்று தேவையா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். பாதி நேரம் தேவைப்படாது.

மீட்டிங்கைப் பற்றி ஒன்றே ஒன்று: கல்லூரி பஸ் 4.40-க்குக் கிளம்புகிறது என்றால் 4.20-க்கு மீட்டிங் வைக்காதீர்கள். பஸ்ஸை விட்ட ஆசிரியை இரண்டு டவுன் பஸ் மாறி இருட்டிய பிறகு வீடு சேர்கிறார். அங்கே பேசியது எதுவும் அவர் நினைவில் இருக்காது.

பிஹெச்.டி. முடித்தவர் ஏன் உடனே போகிறார்

ஐந்தாறு வருடம் பகுதிநேரமாகப் பிஹெச்.டி. செய்து, வைவா முடிந்து இனிப்பு கொடுத்தவர் மறு வருடம் இருக்கமாட்டார். நன்றியில்லை என்று நிர்வாகம் வருத்தப்படும். நடப்பது என்னவென்றால், அவருடைய சந்தை மதிப்பு ஒரே நாளில் ஏறிவிட்டது. தரவரிசையில் பிஹெச்.டி. உள்ளவர்களின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் இருக்கிறது, அதனால் பக்கத்துக் கல்லூரி கூப்பிடுகிறது. உங்கள் கல்லூரியில் மட்டும் அவர் நேற்று இருந்த அதே சம்பளத்தில், அதே பதவியில் இருக்கிறார்.

இதற்கு முன்கூட்டியே வேலை செய்ய வேண்டும். ஆய்வேட்டைச் சமர்ப்பித்த உடனே பிரின்சிபாலிடம் குறிப்பு அனுப்புங்கள்: இன்னார் இன்ன மாதம் முடிப்பார், இன்ன உயர்வு தர வேண்டும், தராவிட்டால் கேடர் விகிதத்தில் (பேராசிரியர், இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர் எண்ணிக்கை விகிதத்தில்) இன்ன இடம் காலியாகும். யு.ஜி.சி. அளவுகோலில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், பிஹெச்.டி. இருந்தால் நான்கு வருடத்தில் அடுத்த நிலை, இல்லாவிட்டால் ஐந்து அல்லது ஆறு. சுயநிதிக் கல்லூரிகளில் இதை அப்படியே கொடுப்பவர்கள் குறைவு என்பது ஊரறிந்தது. முழுதாகக் கிடைக்காவிட்டாலும் ஏதோ ஒன்று, தேதி போட்டு எழுத்தில் கிடைக்க வேண்டும். "பாத்துச் செய்யலாம்" என்பதை நம்பி யாரும் ஒரு வருடத்துக்கு மேல் இருப்பதில்லை.

பணமில்லாத ஒரு வழியும் உண்டு. யு.ஜி.சி.யின் 2022 பிஹெச்.டி. விதிமுறைப்படி, பிஹெச்.டி. முடித்த உதவிப் பேராசிரியர் மூன்று ஆய்வுக் கட்டுரைகள் இருந்தால் வழிகாட்டி ஆகலாம்; ஒரே நேரத்தில் நான்கு மாணவர்களை வைத்துக்கொள்ளலாம். உங்கள் பல்கலைக்கழகத்தின் விதியையும் பார்த்துக்கொண்டு அந்த விண்ணப்பத்தை முதல் வருடமே போட வையுங்கள். தனக்கென்று ஆய்வு மாணவர்கள், ஒரு சின்ன லேப், ஒரு புராஜெக்ட் என்று வேர் பிடித்தவர் இடம் மாறும் முன் பலமுறை யோசிப்பார்.

கணிதம், இயற்பியல், ஆங்கிலம் எடுக்கும் முதலாண்டுத் துறையினரை இந்த இடத்தில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். யு.ஜி.சி. 2023-இல் விதியைத் திருத்தி, உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு நெட், செட், ஸ்லெட் ஆகிய தகுதித் தேர்வுகளைக் குறைந்தபட்சத் தகுதியாக்கி, பிஹெச்.டி.யைக் கட்டாயத்திலிருந்து எடுத்தது. அவர்கள் நெட்டுக்கும் செட்டுக்கும் படிப்பார்கள். தேர்வுக்கு லீவு கொடுங்கள். "பாஸ் பண்ணா போயிடுவாங்களே" என்றால், லீவு கொடுக்காவிட்டாலும் பாஸ் பண்ணிப் போகத்தான் போகிறார்கள். பாஸ் ஆகாத வருடங்களில் உங்களோடு இருப்பார்கள். அந்த வருடங்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வதும், பாண்ட் எழுதி வாங்குவதும் இன்னும் சில இடங்களில் நடக்கிறது. அப்படி நிற்பவர் வகுப்பில் உடம்போடு மட்டும் நிற்பார். உங்கள் கல்லூரியில் இந்தப் பழக்கம் இருந்தால் அதற்குக் கையாளாக நீங்கள் இருக்காதீர்கள். ஒருவர் தன் சான்றிதழைக் கேட்டு வரும்போது அவருக்கும் ஆபீஸுக்கும் நடுவில் அவர் பக்கம் நில்லுங்கள்.

மகப்பேறு முடிந்து வருபவர்கள்

பட்டியலை எடுத்தால், குழந்தை பிறந்த பிறகு திரும்பி வராதவர்கள் கணிசமாக இருப்பார்கள். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு, 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம், இதெல்லாம் சட்டம். காப்பகம் என்ற பெயரில் பூட்டிய ஓர் அறையை இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காட்டும் கல்லூரிகளும் இருக்கின்றன. அதைத் திறக்க வைக்க முடிந்தால் பெரிய விஷயம்.

அது முடியாவிட்டாலும் திரும்பி வரும் செமஸ்டரின் டைம்டேபிள் உங்களிடம்தான் இருக்கிறது. முதல் ஹவர் வேண்டாம். தொடர்ந்து மூன்று மணி நேர லேப் வேண்டாம். பழைய பாடத்தையே கொடுங்கள். செமஸ்டர் நடுவில் வந்து சேர்கிறார் என்றால், அவரை ஆல்டரேஷன் ஆளாக ஓடவிடாமல், ஒரு பாடத்தின் கடைசி இரண்டு யூனிட்டை ஒப்படையுங்கள். விடுப்பில் இருக்கும்போது குரூப்பில் அட்டெய்ன்மென்ட் கணக்குக் கேட்டு அனுப்பாதீர்கள். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சம்பளப் பேச்சு

சம்பளம் தாமதமாகும் மாதங்களில் தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லுங்கள். "அடுத்த வாரம் வந்துடும்" என்று உங்களுக்கே தெரியாத ஒன்றை நிர்வாகத்தின் சார்பில் சொல்லாதீர்கள். ஒருமுறை அது பொய்த்தால் அப்புறம் டைம்டேபிளில் நீங்கள் செய்த நியாயத்தையும் சந்தேகிப்பார்கள்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. தனியார் கல்வி நிறுவன ஆசிரியர்களுக்கும் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்ற 2009 திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2022-இல் உறுதி செய்துவிட்டது. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்திருந்தால், வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 52,000 என்றால் வருடத்துக்கு 30,000. ஐந்து வருடத்துக்கு ஒன்றரை லட்சம். நான்கரை வருடத்தில் ராஜினாமா யோசிப்பவருக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவது அவருக்கும் நல்லது, உங்களுக்கும் ஒரு செமஸ்டர் கிடைக்கும்.

கடிதம் வந்த பிறகு

எல்லாம் செய்தாலும் சிலர் போவார்கள். கடிதம் கைக்கு வந்ததும் முகம் மாறக் கூடாது. "எங்க போறீங்க?" என்று கேட்பதற்கு முன் "எப்போ சேரணும்?" என்று கேளுங்கள். பாதி செமஸ்டரில் என்றால் இரண்டாவது இன்டர்னல் வரையாவது இருக்க முடியுமா என்று பேசிப் பார்க்கலாம். தேதி ஒத்துவந்தால் அந்தத் தேதியில் ரிலீவிங் ஆர்டர் கைக்குப் போக வேண்டும். நோட்டீஸ் பீரியட் சம்பளத்தைக் கட்டச் சொல்லி அலைய விடுவதைத் துறையில் மீதியுள்ள எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்து போகப்போகிறவர் உங்களிடம் சொல்லாமல் ஒரு திங்கட்கிழமை வராமலே இருந்துவிடுவார்.

எல்லோரையும் தடுக்கவும் வேண்டாம். வகுப்புக்குப் போகாமல் ரெக்கார்டில் மட்டும் கையெழுத்துப் போடுபவர் தானாகக் கிளம்பினால், 90 சதவீதக் கணக்குக்காக அவரைக் கெஞ்சி நிறுத்துவது மாணவர்களுக்குச் செய்கிற துரோகம். நல்லவர் போகிறார் என்றால் டிபார்ட்மென்ட்டில் ஒரு டீயும் நாலு வார்த்தையும் வைத்து அனுப்புங்கள். புது ஆள் தேடும்போது நம்பகமான பரிந்துரை வருவது பெரும்பாலும் இப்படிப் போனவர்களிடமிருந்துதான். சிலர் இரண்டு வருடத்தில் அவர்களே திரும்பி வருவதும் உண்டு.

கடைசி வாரத்தில் ஒப்படைப்பை எழுத்தில் வாங்குங்கள்: எந்த யூனிட் வரை முடிந்தது, எந்த புராஜெக்ட் குழு எந்த நிலையில் நிற்கிறது, இன்டர்னல் மதிப்பெண் ஏற்றியாகிவிட்டதா, லேப் ஸ்டாக் ரிஜிஸ்டரில் அவர் பெயரில் என்ன இருக்கிறது. அந்தப் பாடத்தை அடுத்து யார் எடுக்கப்போகிறார் என்பதை, போகிறவரே வகுப்பில் சொல்லி, புதியவரைக் கையோடு கூட்டிப்போய் அறிமுகப்படுத்தட்டும்.